எனக்கு மட்டும் வராத கிருமி

என் மனைவி யோகத்தின் இரத்தத்தில் பூ பூத்திருக்கிறது என்று டாக்டர் நிவேதிகா சொன்னபோது நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். யோகம் அப்படிப்பட்டவள். எழுபது வயதைத் தாண்டியும் அவள் எங்கள் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடிப் புளோக்கின் மின்தூக்கிக்குள் நுழைந்தால், எந்த மாடிக்குப் போக வேண்டும் என்பதை மின்தூக்கி ஒரு கணம் மறந்து நிற்கும். பழுது என்று நினைத்து அடிக்கடி ஆள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். காரணம் எனக்குத் தெரியும். சொன்னால் நம்பவா போகிறார்கள்?

டாக்டர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அதில் தெரிந்த வகை வெள்ளையணுக்களின் கரு உருண்டையாக இருக்க வேண்டுமாம். யோகத்தின் அணுக்களில் ஒன்றிரண்டில் மட்டும் அது இதழ் இதழாகப் பிரிந்து செம்பருத்தி போல விரிந்திருந்தது. வருடாந்திரப் பரிசோதனையில் யாரோ ஒரு கூர்மையான கண்ணுக்கு அது பட்டு, மேற்கொண்டு சோதித்ததில் காரணம் அகப்பட்டிருந்தது. டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்களில் குடியிருக்கும் ஒரு ரெட்ரோவைரஸ். புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

நான் நாற்காலியோடு தரைக்குள் இறங்கிவிட்டேன். கீழ்த்தளத்து மருந்தகத்தில் இருந்தவர்கள் என் கால்களைப் பார்த்திருப்பார்கள். யோகம்தான் நிதானமாகக் கேட்டாள், எல்லாருக்கும் நோய் வருமா என்று. நூறு பேருக்கு இந்தக் கிருமி இருந்தால் தொண்ணூற்றைந்து பேர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து, வேறு எதிலாவது போய்ச்சேருவார்கள் என்றார் டாக்டர். யோகத்துக்கு நோய் எதுவும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுத்துக் கிருமியின் அளவைக் கவனித்துவந்தால் போதும்.

நான் தரையிலிருந்து மேலே வந்தேன். உடனே அடுத்த கேள்வி பிறந்தது. எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் குடிநுழைவு அதிகாரியாகத் தலை நரைத்தவன் நான். என் பார்வைக்குப் பயந்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூரிலிருந்து வரும் மீன்கூடத் தன் செதிலைத் தானே தூக்கிக் காட்டும். உள்ளே ஒருவன் இருக்கிறான் என்றால் அவன் எப்போது வந்தான், யார் மூலமாக வந்தான் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது.

“இது இப்ப வந்தது இல்ல அங்கிள்,” என்றார் டாக்டர். “ஃபார்ட்டி இயர்ஸ், ஃபிஃப்டி இயர்ஸ், இன்னும் முன்னாடியே கூட இருக்கலாம். வந்தா போகவே போகாது.”

சளிக் கிருமி மாதிரி வந்து, தும்ம வைத்துவிட்டுப் போகிற விருந்தாளி இல்லையாம் இது. அணுவுக்குள் புகுந்ததும் தன் வாசகத்தை டிஎன்ஏவாக மாற்றி எழுதி, நம்முடைய டிஎன்ஏவுக்கு நடுவில் ஒட்டிவிடுகிறது. அதன்பின் அந்த அணு இரண்டாகப் பிரிந்தால் அதுவும் இரண்டாகிறது. வெளியே தலைகாட்டாமலே பெருகிவிடலாம். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கள்ளத்தனமாக நுழைந்தவன் வீட்டுப் பதிவிலேயே பிள்ளையாகப் பெயர் எழுதிக்கொண்டால் எந்த அதிகாரி வந்து பிடிப்பான்?

அதைவிடப் பெரிய தந்திரம், அது தன்னைத்தானே அடக்கிவைத்துக்கொள்வது. அதனிடம் ஒரு மரபணு இருக்கிறது, சத்தக்காரன். அவன் வாயைத் திறந்தால் கிருமியும் பெருகும், அது குடியிருக்கும் அணுவும் வெறிபிடித்துப் பெருகும். ஆனால் அந்தச் சத்தம் உடம்பின் காவல் அணுக்களுக்கும் கேட்டுவிடுமே. அவை ஓடிவந்து வீட்டோடு கொளுத்திவிடும். அதனால் அவன் எப்போதாவது சில மணி நேரம் கத்திவிட்டு அடங்கிவிடுவான். இன்னொரு மரபணு அதே வாசகத்தின் எதிர் இழையில், வாலிலிருந்து தலையை நோக்கி எழுதப்பட்டிருக்கிறது. இவன் ஊமைக்குசும்பன். சத்தக்காரனின் வாயைப் பொத்துவதும், அணுவைச் சாகவிடாமல் சத்தமில்லாமல் பெருக்குவதும் இவன் வேலை. நோய் வந்தவர்களிடம் பார்த்தால் பலருக்குச் சத்தக்காரன் எப்போதோ காணாமல் போயிருப்பானாம். ஊமைக்குசும்பன் மட்டும் வேலையை விடாமல் செய்துகொண்டிருப்பானாம்.

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக அதற்கு மூன்று வழிகள்தான் முக்கியம். மாதக்கணக்கில் குடித்த தாய்ப்பால், ஏற்றிய இரத்தம், பிறகு கணவன் மனைவி உறவு. ஆகவே குடும்பத்தில் எல்லாருக்கும் சோதனை செய்தார்கள். கிளமெண்டியில் இருக்கும் யோகத்தின் அக்கா மங்கையர்க்கரசி இரண்டு வயது முடியும்வரை தாய்ப்பால் குடித்தவர் என்று அவர்கள் சொந்தத்தில் இன்றும் கேலி செய்வார்கள். அவருக்குக் கிருமி இல்லை. ஆகவே என் மாமியாரிடம் அது இருந்திருக்க வாய்ப்பு குறைவு. யோகத்துக்கு எப்போதும் இரத்தம் ஏற்றியதில்லை. டின் பாலில் வளர்ந்த எங்கள் மகள் வர்ஷாவுக்கு இல்லை. எனக்கும் இல்லை.

சில சமயம் எங்கேயிருந்து வந்தது என்று தெரியாமலே போய்விடும் என்றார் டாக்டர். யாரிடம் சொல்கிறார்? தாய் இல்லை, இரத்தம் இல்லை, தாலி கட்டியவன் இல்லை. மிச்சம் என்ன? தாலி கட்டாதவன்.

நான் யோகத்தின் முகத்தைப் பார்த்தேன். அவள் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தை, அதற்கு முன் கையே கழுவாதவள் போலக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து என் வீட்டில் நான் ஓர் ஒற்றன்.

எங்கள் திருமணப் படங்களை எடுத்து, வந்திருந்த ஆண்கள் அத்தனை பேரையும் பூதக்கண்ணாடி வைத்து விசாரித்தேன். அவளோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த பூப்பந்து ஆசிரியர் ஒவ்வொரு படத்திலும் தேவைக்கு மேல் சிரித்திருந்தார். பாவம், இப்போது அவருக்குக் கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. இருந்தாலும் சந்தையில் பார்த்தபோது நலம் விசாரித்துவிட்டு, வெள்ளையணுக்கள் எல்லாம் உருண்டையாகத்தானே இருக்கின்றன என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, தனக்கு முட்டியில்தான் பிரச்சினை என்றார். அவளுடைய முன்னாள் தலைமையாசிரியரைத் தொலைபேசியில் அழைத்து, எந்த நோய்க்கெல்லாம் மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டேன். அவர் எனக்காகப் பிரார்த்தனை செய்வதாகச் சொன்னார். யோகத்தின் பல் வைத்தியரை விட்டுவிட்டேன். முகக்கவசம் போட்டவரின் முகத்தை எப்படி விசாரிப்பது?

பொறாமையைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் அதைச் சரியாக அனுபவித்ததில்லை. எனக்குள் அது பகலெல்லாம் அடங்கிக் கிடக்கும். யோகம் வெங்காயம் நறுக்குவாள், நான் செய்தித்தாள் படிப்பேன், உலகம் சுகமாக இருக்கும். திடீரென்று ஒரு சில மணி நேரம் அது உள்ளே நின்று கத்தும். அவள் ஒரு பாட்டை முணுமுணுத்தால் யார் சொல்லிக்கொடுத்த பாட்டு? வெண்டைக்காயை நீளவாக்கில் அரிந்தால் யாருக்குப் பிடித்த மாதிரி? அப்புறம் அவள் கோப்பிக் குவளையைக் கொண்டுவந்து வைப்பாள், அடங்கிவிடும். ஆனால் அடியில் ஒரு குரல் மட்டும் ஓயவில்லை. கேள், கேள் என்றுகூட அது சொல்லவில்லை. கேட்காதே, கண்டுபிடி என்றது.

அவள் உடம்பு எனக்கு மனைவியாவதற்கு முன்போ பின்போ வேறொருவனை அறிந்திருக்கிறதா? இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவளை விட்டுவிடுவேனா என்று கேட்டால், மாட்டேன். அவள் இல்லாமல் என் மூக்குக்கண்ணாடி எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்தாக வேண்டும்.

துப்பு கிடைத்தது முருங்கைக்கீரையில். செவ்வாய்க்கிழமைகளில் தேக்கா சந்தைக்குப் போய் முருங்கைக்கீரை வாங்கிவருகிறேன் என்று கிளம்புவாள். வெறுங்கையோடு திரும்புவாள். கீரை வாடியிருந்தது என்பாள். அடுத்த செவ்வாயும் வாடியிருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. தேக்காவில் தொடர்ந்து கீரை வாடினால் அது பாராளுமன்றத்தில் பேசப்பட்டிருக்காதா?

அடுத்த செவ்வாய் அவள் கிளம்பி லிஃப்டுக்குள் போனதும் நான் படியில் இறங்கினேன். தொப்பி, முகக்கவசம், கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு தந்த அகலமான கறுப்புக் கண்ணாடி. எம்ஆர்டி ரயிலில் அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டேன். ஓர் இளைஞன் எழுந்து இடம் கொடுத்தான். ஊட்ரம் பார்க்கில் ஊதா நிறத் தடத்துக்கு மாறும்போது ஒரு சீனப் பெண்மணி, எனக்குக் கண் தெரியாது என்று முடிவுகட்டி, முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சரியான பெட்டியில் ஏற்றிவிட்டார். உளவாளிக்கு இவ்வளவு உபசரிப்பு நடக்கும் நாடு உலகில் வேறு இல்லை.

லிட்டில் இந்தியாவில் இறங்கி பஃபலோ ரோட்டில் அவள் பின்னால் நடந்தேன். மாலைக் கடையையும் வாழையிலைக் கட்டுகளையும் கடந்து அவள் சந்தைக்குள் நுழைந்தாள். கீரைக்கடையில் முருங்கைக்கீரை பச்சைப் பசேலென்று, அப்போதுதான் மரத்திலிருந்து குதித்து ஓடிவந்த மாதிரி குவிந்து கிடந்தது. யோகம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் இதயம் நின்று, பிறகு விதி விட்ட வழி என்று மறுபடி ஓடத் தொடங்கியது.

உணவுக் கடைகள் இருக்கும் பக்கம், தூணோரத்து மேசையில் ஒருவர் அவளுக்காகக் காத்திருந்தார். ஆள் எனக்குத் தெரிந்தவர்தான். டன்லப் ஸ்திரீட்டில் துணிக்கடை வைத்திருக்கும் முகம்மது யூசுப். நான் உடுத்தும் கைலி எல்லாம் அவர் கடையில் வாங்கியவை. வாங்கும்போதெல்லாம் ஒரு கைக்குட்டை சேர்த்து மடித்துக் கொடுப்பார். என் பேச்சில் மயங்கித்தான் கொடுக்கிறார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

இந்த யூசுப் எப்படிப்பட்டவர் என்று சிராங்கூன் ரோடு முழுக்கத் தெரியும். அந்நியப் பெண்ணின் கையைத் தொடமாட்டார். சமூக மன்றத்தில் ஒரு பரிசளிப்பில், பரிசு கொடுத்த அம்மையார் கையை நீட்டினார். இவர் தன் உள்ளங்கையை நெஞ்சில் வைத்துத் தலையைத் தாழ்த்திப் புன்னகைத்தார். அரங்கமே அதை மரியாதையோடு பார்த்தது, நானும் பார்த்தேன். அந்தக் கை இப்போது மேசைமேல் என் யோகத்தின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பட்டும் படாமலும் அல்ல. ஊருக்குப் போய் வந்தவளின் கையைப் பிடிக்கிற மாதிரி, சாவகாசமாக. அவள் ஏதோ சொல்ல, அவர் இன்னொரு கையால் அவள் தலையைத் தட்டினார்.

நான் பொறாமையில் பச்சையாகிவிட்டேன். கீரைக்கடைக்காரர் என்னைக் கட்டுப் போட்டு விற்காமல் விட்டது அதிர்ஷ்டம்.

தூணுக்குப் பின்னால் நின்று அடுத்து என்ன செய்யலாம் என்று நான் திட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போது, முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. தே தாரிக் என்ற நுரைத் தேநீர்க் குவளைகள் நிறைந்த தட்டோடு நின்றவர் ஹம்னா. யூசுப்பின் மனைவி. கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்.

“கண்ணாடியக் கழட்டுங்கண்ணே,” என்றார். “நீங்க குவீன்ஸ்டவுன்ல ஏறினப்பவே உங்க வீட்டம்மா பாத்துட்டாங்களாம். ஃபோன் பண்ணி உங்களுக்கும் சேத்து ஒரு தே வாங்கச் சொன்னாங்க. சீனி கொறச்சு.”

வேறு வழியில்லை, போய் உட்கார்ந்தேன். யோகம் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது. யூசுப் அவள் கையை விடவில்லை. ஹம்னா குவளைகளை இறக்கிவைத்துக்கொண்டே, அன்றைய வானிலையைச் சொல்வதுபோல அடுத்ததைச் சொன்னார். யோகம் சொல்லி யூசுப்பும் போய் இரத்தம் கொடுத்தாராம். முடிவு வந்துவிட்டதாம். “ரெண்டு பேருக்கும் ஒரே கிருமிதான். டாக்டர் பிள்ளை ரெண்டையும் பக்கத்துல வச்சுப் படிச்சுப் பாத்துச்சாம். எழுத்து மாறலையாம்.”

தேக்காவே தலைகீழாகச் சுழன்று, மீன் கடைகள் மேலேயும் சேலைக் கடைகள் கீழேயும் போயின. எழுத்து மாறாத ஒன்று இவர்கள் இருவர் உடம்பிலும் இருக்கிறது. அவர் மனைவியோ அதைச் சொல்லிக்கொண்டே எனக்குத் தே ஆற்றுகிறார்.

“எத்தனை வருஷமா நடக்குது இது?” என்று கேட்டேன். குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது.

“நான் பிறந்து பத்து நாளிலேர்ந்து,” என்றாள் யோகம்.

“அப்ப எனக்கு நாலு மாசம்,” என்றார் யூசுப்.

பிறகு மூவரும் மாறி மாறிச் சொன்னதை நான் ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன். யோகத்தின் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். அப்போது அவர்கள் இந்த பஃபலோ ரோட்டில் ஒரு மாடி வீட்டின் பின்னறையில் குடியிருந்தார்கள். யோகம் பிறந்ததும் அவள் தாயாருக்கு டைஃபாய்டு. மருத்துவமனையில் கிடந்தார். டின் பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, குடித்ததையெல்லாம் கக்கியது. அடுத்த அறையில் ரஷீதா என்றொரு பெண் தன் மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். அழுகை தாங்காமல் வந்து இந்தக் குழந்தையையும் தூக்கிக்கொண்டார். தாயார் தேறி வந்தபோது அவருக்குப் பால் வற்றியிருந்தது. அதனால் ஒரு வயதுவரை யோகத்துக்கும் யூசுப்புக்கும் ஒரே மடி.

தாயாருக்கு ரஷீதா தெய்வம். ஆனால் அவர்கள் வெங்காயம்கூட யோசித்துச் சாப்பிடும் சைவக் குடும்பம். சொந்தத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்து, யாரிடமும் சொல்லக் கூடாது என்று ரஷீதாவிடம் வாக்குக் கேட்டார். ரஷீதா ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. அவர்கள் மார்க்கத்தில் ஒரு தாயிடம் பால் குடித்தவர்கள் உடன்பிறந்தவர்கள். திருமணம் செய்யக் கூடாது. ஆகவே பிள்ளைகள் இருவருக்கும் வயது வந்ததும் உண்மையைச் சொல்லியே தீர வேண்டும். யோகம் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது ரஷீதா தேடிவந்து சொன்னார். அன்றிலிருந்து யூசுப் அவளுக்கு நானா. அவர்கள் வீட்டில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் அவள் கையைப் பிடிக்கலாம், தலையைத் தட்டலாம். தங்கைதானே. ரஷீதாவுக்குக் கிருமி எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அவர் எந்த நோயும் இல்லாமல் தொண்ணூறு வயதுவரை இருந்து, தூக்கத்தில் போனவர்.

டாக்டரிடம் யோகம் சொல்லாமல் இருந்தது அன்று ஒருநாள்தான். மறுநாளே தனியாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். என்னிடம்தான் சொல்லவில்லை.

“கட்டின புருஷன்,” என்றேன். “டாக்டருக்குச் சொல்லலாம், எனக்குச் சொல்லக்கூடாதா?”

“அம்மாவுக்குக் குடுத்த வாக்கு.”

“அம்மா போய் எத்தனை காலம் ஆச்சு.”

யோகம் தே குவளையைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினாள். “இங்க பாருங்க. நம்ம கல்யாணத்துக்கு இருநூறு பேர் வந்தினம். நீங்க சொல்ற கதையில இப்ப நாலாயிரம் பேர், ரெண்டு யானை. ரஷீதாம்மா எனக்குக் குடுத்தது பால். உங்க வாயில போனா அது பாற்கடல் ஆயிடும். அத அப்படியே, அந்த அளவிலேயே வச்சிருக்கணும்னு நினைச்சன்.”

இரண்டு யானைகளைப் பற்றி நான் வாதாடியிருப்பேன். ஆனால் அவள் குரல் உடைந்திருந்தது. ஹம்னா முந்தானையால் மேசையைத் துடைத்தார். மேசை ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

யூசுப் தொண்டையைக் கனைத்தார். “இத்தன வருஷம் மச்சான்னு கூப்பிட முடியல. கைக்குட்டையக் குடுத்துச் சமாளிச்சேன்.” சிரித்தார். பிறகு சிரிப்பை அப்படியே எடுத்து வைத்துவிட்டார். “இப்ப அண்ணனா கேக்குறேன். என் தங்கச்சி பின்னாடி எதுக்கு ஒளிஞ்சு வந்தீங்க?”

யோகத்துக்கு உடன்பிறந்த ஆண்கள் இல்லை. பெண் கேட்டபோதும் சரி, மணவறையிலும் சரி, அதற்குப் பிறகும் சரி, அவள் பக்கத்தில் நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்ததில்லை. பாலத்தைக் கடந்து வந்த பாதி உலகத்தை நான் கேட்டிருக்கிறேன், என்ன நோக்கத்தில் வந்தாய் என்று. என்னை யாரும் கேட்டதில்லை. பொய்கள் வரிசையில் வந்து நின்றன, அழகழகாக. ஒன்றும் அந்தக் கண்களைத் தாண்டாது என்று தொழில் தெரிந்தவனுக்குத் தெரிந்தது.

“பொறாமை,” என்றேன்.

அவர் யோகத்தின் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, என்ன செய்யலாம்?”

“தே ஆறுது, குடிக்கச் சொல்லுங்க,” என்றாள் யோகம்.

குடித்தேன். அப்படி ஒரு தே நான் பிறந்ததிலிருந்து குடித்ததில்லை. எனக்கு மறுபடியும் பதினெட்டு வயது ஆகிவிட்டது. என் யோகம் எனக்கு முன்பும் பின்பும் யாருடையவளும் இல்லை. எழுந்து தேக்காவின் கூரையில் ஏறி ஆடலாம் போலிருந்தது. அந்த ஆனந்தம் சரியாகக் குவளை காலியாகும்வரை நீடித்தது.

ஏனென்றால் குவளையைக் கீழே வைக்கும்போது ஹம்னா சொன்னார், தனக்கும் சோதனை செய்தார்கள் என்று. அவருக்கும் இருக்கிறதாம். கணவரிடமிருந்து வந்திருக்கிறது. சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! புது நகையைக் காட்டுகிற பெண்கூட அவ்வளவு வெட்கப்பட மாட்டாள். பயம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. யோகம்தான் பக்கத்தில் உட்கார்ந்து, தொண்ணூற்றைந்து பேர் கணக்கைச் சொல்லித் தேற்றியிருந்தாள். ஆனால் பயத்துக்குக் கீழே ஒரு பெருமிதம் இருந்ததை என் கண்ணிலிருந்து மறைக்க முடியுமா?

நான் கணக்குப் போட்டேன். மேசையில் நான்கு பேர். மூன்று பேருக்கு இருக்கிறது. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே மடியில் வந்தது. மனைவிக்குக் கணவன் கொடுத்தது. நான் மட்டும் வெறும் ஆள். இத்தனை காலம் ஒரே கட்டிலில் படுத்து, ஒரே போர்வையை இழுத்து, என் மனைவியின் அணுக்களில் எழுதியிருக்கும் ஒரு வாசகத்தில் எனக்கு ஓர் எழுத்துகூடக் கிடைக்கவில்லை.

மறுவாரமே நிவேதிகாவிடம் போய் இன்னொரு முறை சோதிக்கச் சொன்னேன். மறுபடியும் இல்லை. இயந்திரத்தில் கோளாறு இருக்கலாம் என்றேன். அந்தப் பிள்ளை சிரிப்பை விழுங்கிக்கொண்டு விளக்கியது. இந்தக் கிருமி தனியாக நீந்தி வருவதே அபூர்வம். தொற்றிய அணு இன்னோர் அணுவை நேருக்கு நேர் தொட்டு, கையில் கை கொடுக்கிற மாதிரி கொடுக்க வேண்டும். ஆணிடமிருந்து பெண்ணுக்குப் போகிற அளவு பெண்ணிடமிருந்து ஆணுக்குப் போவதில்லை. அதிலும் யோகத்தின் காவல் அணுக்கள் கிருமியை மிகக் குறைந்த அளவில் பிடித்து வைத்திருக்கின்றன.

“ஆன்ட்டியோட பாடி ரொம்ப ஸ்ட்ரிக்ட் அங்கிள். வெளிய விடவே மாட்டேங்குது. இட்ஸ் குட் நியூஸ் லா.”

அதை எனக்குச் சொல்ல வேண்டுமா? அவள் எதைத்தான் வெளியே விட்டிருக்கிறாள்?

ஆறு மாதம் கழித்து நால்வரும் மருத்துவமனைக்குப் போனோம். மூவருக்கு இரத்தம் எடுக்க, ஒருவன் வேடிக்கை பார்க்க. யூசுப்பும் ஹம்னாவும் முதலில் உள்ளே போய்க் கொடுத்துவிட்டு, கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அண்ணனும் தங்கையும் பழைய பஃபலோ ரோட்டைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். அந்த ரோட்டில் என்னைத் தவிர எல்லாரும் இருந்திருக்கிறார்கள். நான் யோகத்தின் காதருகே குனிந்து, எனக்கு மட்டும் ஏன் தரவில்லை என்று கேட்டேன். வேடிக்கையாகத்தான் கேட்க நினைத்தேன். வேறு மாதிரி வந்துவிட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். “உங்களுக்குக் குடுத்தா ஊருக்கே குடுத்துடுவீங்க.”

அப்போது தாதி கதவைத் திறந்து, மேடம் யோகம் வீட்டு ஆள் ஒருவர் துணைக்கு வரலாம் என்றார். நான் எழுந்தேன். அதே நொடியில் யூசுப்பும் எழுந்தார், பஞ்சோடு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றோம். தாழ்வாரம் மூச்சைப் பிடித்தது. மாரியம்மன் கோயில் தீமிதியில்கூட அவ்வளவு அமைதியை நான் பார்த்ததில்லை.

“நானா, நீங்க இருங்க,” என்றாள் யோகம். “அவர் வரட்டும்.”

நான் நடக்கவில்லை, மிதந்தேன். உள்ளே போனதும் அவள் தன் கைப்பையை என் மடியில் வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தாள். தாதி ஊசியைப் போட்டார். குழாயில் கருஞ்சிவப்பாக இரத்தம் ஏறியது. பேர் ஒட்டி, தாங்கியில் செருகினார். அங்கே ஏற்கெனவே இரண்டு குழாய்கள் நின்றுகொண்டிருந்தன. யோகத்தின் குழாய் யூசுப்பின் குழாயோடு தோளோடு தோள் உரசி நின்றது. சிறுபிள்ளைகள் மாதிரி.

எனக்கு எல்லாம் தெரியும். பால் தெரியும், மடி தெரியும், மார்க்கம் தெரியும். இருந்தும் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. தாதியிடம், ஹம்னாவின் குழாயை எடுத்து நடுவில் வைக்க முடியுமா என்று கேட்டேன்.

தாதி என்னைப் பார்த்தார், பிறகு யோகத்தைப் பார்த்தார்.

“வச்சு விடுங்க சிஸ்டர்,” என்றாள் யோகம், கையில் பஞ்சை அழுத்தியபடி. “இல்லாட்டி வீட்டுக்கு வரமாட்டார்.”